ரினெட் வீட்டுக்குப் போர்த்திய பனி

க்ளோவிஸ் வுவலெட் நாற்பது வருஷம் காட்டில் மரம் வெட்டிப் பிழைத்தவர். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க அவர் யாருக்கும் ஒரு காசு கொடுத்தது கிடையாது. கொட்டகை நிறைய மேப்பிள் விறகு பிளந்து அடுக்கியிருக்கும். சமையலறை நடுவில் கறுப்பு இரும்பு அடுப்பு இரவும் பகலும் எரியும். அப்பேர்ப்பட்டவர் நுரையீரல் கெட்டு, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கட்டிலில் சாய்ந்தபோது, டாக்டர் முதலில் சொன்னதே இனி வீட்டுக்குள் விறகு எரியக் கூடாது என்பதுதான்.

புகைபோக்கியைத் தகரத் தட்டு வைத்து அடைத்தார்கள். ஆற்றைப் பார்த்த சுவரில் கேஸ் ஹீட்டர் ஒன்று ஏறியது. முற்றத்தில் நீளமாக, வெள்ளையாக, குட்டைக் கால்களோடு புரோபேன் டாங்க் வந்து உட்கார்ந்தது. க்ளோவிஸ் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

"ரினெட், உன் பன்றி வந்திருச்சு பாரு. இனிமே நாம தின்னாலும் தின்னாட்டியும் அதுக்குத் தீனி போட்டாகணும்."

அன்றிலிருந்து அந்த டாங்குக்குப் பன்றி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

தீனி போடுகிற பாடு ரினெட்டுடையது. அவள் உருளைக்கிழங்குக் காட்டில் பிறந்து வளர்ந்தவள். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தின் அந்த வடகோடியில் கிழங்கு தோண்டுகிற காலம் வந்தால் பள்ளிக்கூடத்தையே மூடிவிடுவார்கள். அவள் வீட்டில் தோண்டி முடித்த பிறகும் வேலை இருந்தது. ஒரு வருஷம் பள்ளிக்கூடம் திறந்தும் அவள் போகவில்லை, அவ்வளவுதான் படிப்பு. பிறகு கிழங்கு மூட்டை கட்டும் கொட்டகையில் வேலை. ஓடுகிற பட்டையில் வரும் கிழங்குகளில் அழுகலைப் பொறுக்கி எறிய வேண்டும். கண்ணால் பார்ப்பதற்கு முன்னே விரல் கண்டுபிடித்துவிடும். போன வசந்தத்தில்தான் அந்த வேலையை விட்டாள். க்ளோவிஸைத் தனியே விட்டுப் போக முடியாமல் ஆகிவிட்டது.

இருக்கிறதை இழுத்துப் பிடித்துச் செலவு செய்வது அவளுக்குப் புதிதல்ல. ஆனால் கேஸ் என்பது கண்ணுக்குத் தெரியாத சரக்கு. விறகென்றால் கொட்டகையை ஒரு பார்வை பார்த்தால் போதும், ஈஸ்டர் வரை தாங்குமா தாங்காதா என்று தெரிந்துவிடும். டாங்கில் ஒரு முள்தான். காலையில் எழுந்ததும் சிலுவை போட்டுக்கொண்டு, வெளியே போய், மூடியைத் தூக்கி அந்த முள்ளைப் பார்ப்பாள். அது சொல்கிறதை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

கோடையிலேயே பணம் கட்டினால் குளிர்காலம் முழுக்க ஒரே விலை என்று கம்பெனியில் சொன்னார்கள். க்ளோவிஸ் காட்டில் மரம் இழுக்க வைத்திருந்த வண்டியை விற்று அதைக் கட்டினாள். கட்டின அளவு மார்ச் வரைக்கும் வர வேண்டும். முன்னாலேயே தீர்ந்தால் அன்றைய விலை, அது அவளால் ஆகாது. ஆகவே மாடி அறைகளைப் பூட்டினாள். மாடிப்படிக்குக் குறுக்கே கனத்த கம்பளியை ஆணியடித்துத் தொங்கவிட்டாள். ஜன்னல்களுக்குப் பிளாஸ்டிக் தாள் ஒட்டினாள். க்ளோவிஸின் கட்டிலைச் சமையலறைக்கே கொண்டுவந்து ஹீட்டருக்குக் கொஞ்ச தூரத்தில் போட்டாள். தான் உள்ளேயே கோட்டு மாட்டிக்கொண்டு நடமாடினாள்.

இவ்வளவும் ஒரு காரணத்துக்காக. வாரம் ஒரு தடவை, வியாழக்கிழமை, அரசாங்க நர்ஸ் மோனிக் வருவாள். அக்டோபரில் அவள் சமையலறைச் சுவரில் ஒரு ஃபாரன்ஹீட் தெர்மாமீட்டரை மாட்டினாள்.

"ரினெட்ம்மா, இவருக்குக் குளிர் ஆகாது. அறுபத்தஞ்சுக்குக் கீழ இறங்கக் கூடாது. இறங்கினா நெஞ்சுல சளி கட்டும், அப்புறம் ஆஸ்பத்திரிதான். இங்க சூடு நிக்கலைன்னா நகரத்துல இருக்கிற இல்லத்துக்கு அனுப்ப நான் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். கோவிச்சுக்காதீங்க."

"ஒரு தடவை இறங்கினாலுமா?"

"ஒரு தடவையே போதும் இவருக்கு."

நகரத்து இல்லத்துக்குப் போனவர்கள் திரும்பி வந்ததை ரினெட் பார்த்ததில்லை. அங்கே நன்றாகத்தான் கவனித்துக்கொள்கிறார்கள், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பனிக்காலத்தில் அந்தச் சாலையில் அவளால் தினமும் வண்டி ஓட்ட முடியாது. அவரும் அவள் இல்லாமல் சாப்பிட மாட்டார். ஆகவே அந்த அறுபத்தைந்து அவள் மனதில் ஆணியாக இறங்கிவிட்டது. ஆண்டவரே, மார்ச் வரைக்கும் என்று தினமும் கேட்டாள். அதற்கு மேல் கேட்கப் பயம்.

அந்தப் பக்கத்து வீடுகளில் குளிர் தொடங்குமுன் வீட்டுக்குப் போர்த்துகிற வழக்கம் உண்டு. ஃபர் மரக் கிளைகளை வெட்டி வந்து வீட்டைச் சுற்றி அடித்தளத்தோடு ஒட்டி அடுக்கிப் பலகை வைத்து முட்டுக் கொடுப்பார்கள். பனி விழுந்ததும் அதன் மேல் பனியை வாரிப் போட்டு உயர்த்துவார்கள். தரையின் அடியில் காற்று புகாது, வீடு வெதுவெதுப்பாக இருக்கும். பனியே குளிருக்குக் காவல். ரினெட் சின்ன வயதிலிருந்து செய்த வேலை அது. நவம்பரில் கிளைகளை அடுக்கினாள். ஆற்றுப் பக்கச் சுவரில் ஹீட்டரின் குழாய் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் மட்டும் கிளைகளை விலக்கி வழி விட்டாள். அது அவளுக்கு அப்போது நினைவிருந்தது.

ஜனவரியில் பெரிய புயல் வந்தது. ஆற்றின் மேலிருந்து காற்று சுழற்றி அடித்ததில் அந்தச் சுவரோரம் பனி குவிந்து கிடந்தது. புயல் ஓய்ந்ததும் வானம் கண்ணாடி போலாயிற்று. அப்படியானால் கொல்லுகிற குளிர் வரப்போகிறது என்று அர்த்தம். புதன்கிழமை பிற்பகல் முழுக்க ரினெட் மண்வெட்டியோடு வெளியே நின்றாள். குவிந்த பனியை ஜன்னல் விளிம்பு வரை ஏற்றினாள். மண்வெட்டியின் முதுகால் தட்டித் தட்டி வழவழப்பாக்கினாள். உள்ளே வந்தபோது முகம் சிவந்து, மூச்சு வாங்கி, திருப்தியாக இருந்தாள்.

"போர்த்திட்டியா?" என்று க்ளோவிஸ் கேட்டார்.

"கழுத்து வரைக்கும் போர்த்திட்டேன், கிழவா. இன்னிக்குப் பன்றி பாதித் தீனிதான் தின்னும்."

அவள் சொன்னதுபோலவே ஆயிற்று. விடிவதற்குள் பன்றி தின்பதையே நிறுத்திவிட்டது.

மூக்கு சில்லிட்டு ரினெட் கண் விழித்தாள். ஹீட்டரில் சத்தமில்லை. தெர்மாமீட்டர் அறுபத்தொன்றில் இருந்தது. பொத்தானை அழுத்தினாள். படபடவென்று நெருப்புப் பற்றியது, கொஞ்ச நேரம் எரிந்தது, மஞ்சளாகத் தள்ளாடியது, அணைந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடி அதே கதை. கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடிப் போய் டாங்கின் மூடியைத் திறந்தாள். முள் நாற்பது சதவீதத்தில் நின்றது. விரலால் சுண்டினாள், முள் அசையவில்லை.

"முள்ளு பொய் சொல்லுது" என்று உள்ளே வந்து சொன்னாள். "அந்த கேஸ் வண்டிக்கார ரேனல் போன வாரம் வந்து குழாயைச் சொருகிட்டு, வண்டியில உக்காந்து காப்பி குடிச்சுட்டுப் போயிருக்கான். ஒண்ணும் ஊத்தலை."

"ரேனல் அப்படிச் செய்ய மாட்டான்."

"அப்போ கேஸ் எங்க போச்சு? நீ குடிச்சியா?"

கம்பெனிக்குப் போன் போட்டு, மனதில் வந்ததையெல்லாம் சொன்னாள். பேசி வைத்த பிறகு கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. அன்று மோனிக் வரும் நாள். மின்சார அடுப்பின் கதவைத் திறந்து வைத்தாள். அதன் முன்னால் நிற்கிறவர் முட்டிக்கு மட்டும்தான் அந்தச் சூடு. வெந்நீரைப் பாட்டில்களில் நிரப்பித் துணி சுற்றி க்ளோவிஸின் காலடியிலும் இடுப்போரமும் வைத்தாள். வீட்டிலிருந்த கம்பளிகள் எல்லாம் அவர் மேல் ஏறின. வேட்டைக்குப் போகும்போது போடுகிற காது மூடிய தொப்பியைத் தலையில் மாட்டினாள். ப்லோய் என்கிற மெல்லிய அடையை ஒரு பக்கம் மட்டும் சுட்டு, வேகாத பக்கத்தில் வெண்ணெய் தடவிச் சுருட்டி, கையில் கொடுத்தாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே இரும்பு அடுப்பைப் பார்த்தார்.

"ரினெட்."

"மாட்டேன்."

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே."

"உன் கண்ணு சொல்லிடுச்சு. அதைப் பத்த வைக்க மாட்டேன்."

"கொட்டகையில நாலு வருஷத்து விறகு காஞ்சு கிடக்கு. அந்தத் தட்டை எடுத்துட்டு ரெண்டு கட்டை போடு. அரை மணி நேரம் நான் மூச்சைப் பிடிச்சுக்கிறேன்."

"உன் மூக்குல ஆக்சிஜன் குழாய் இருக்கு. நெருப்புப் பக்கத்துல வந்தா நீயே வெடிச்சிடுவே."

"வெடிச்சாலும் சூடாவாவது இருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரத்தைத் தேய்த்தாள். தெர்மாமீட்டர் ஐம்பத்தேழுக்கு வந்திருந்தது.

ரேனலின் லாரி முற்றத்தில் வந்து நின்றபோது வெயில் ஏறியிருந்தது, சூடில்லாத வெயில். ரேனல் நாற்பது வயதுக்காரன். அவன் அம்மாவும் ரினெட்டும் கிழங்குக் கொட்டகையில் ஒரே பட்டையில் நின்றவர்கள். அந்த உரிமையில் அவன் அவளை அத்தை என்பான்.

"அத்தே, திருடன் வந்திருக்கேன்" என்று கதவைத் தட்டினான். "ஆபீஸ்ல சொன்னாங்க, நான் காப்பி குடிச்சுட்டுப் போயிட்டேன்னு. அந்தக் காப்பியையும் நீங்கதான் கொடுத்தீங்க, அதைச் சொன்னீங்களா?"

"வாயடிக்காதே. முதல்ல டாங்கைப் பாரு."

அவன் போய்ப் பார்த்தான். டாங்கைத் தட்டினான், ஏதோ திறந்து மூடினான், குழாய் இணைப்பில் மூக்கை வைத்தான். திரும்பி வந்து, "பன்றிக்கு வயிறு நிறையத் தீனி இருக்கு, அத்தே. முள்ளு சத்தியவந்தன்" என்றான்.

ரினெட்டுக்கு முகம் தொங்கிப்போயிற்று. "அப்போ ஹீட்டர் போச்சா? வாங்கி ஒரு வருஷம்கூட ஆகலையே. புதுசு வாங்கணும்னா நான் எங்க போவேன்?"

ரேனல் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, க்ளோவிஸின் தொப்பியைப் பார்த்தான். "என்ன மாமா, மான் கிடைச்சுதா?"

"ஒரு கிழவிதான் கிடைச்சா. சுட மனசு வரலை."

ரேனல் ஹீட்டரின் முன்னால் குந்தி உட்கார்ந்து பொத்தானை அழுத்தினான். நெருப்புப் பற்றியது. அவன் குனிந்து பார்த்தான். அது மஞ்சளாகி, மேலே தூக்கி, தள்ளாடி, அணைந்ததும் அவன் முகத்தில் விளையாட்டு போய்விட்டது.

"அத்தே, இதோட குழாய் வெளியே எந்தப் பக்கம்?"

"ஆத்துப் பக்கம். ஏன்?"

அவன் பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினான். அவளும் பின்னால் போனாள். ஆற்றுப் பக்கச் சுவரில் அவள் நேற்றுப் போர்த்திய பனி, ஜன்னல் விளிம்பு வரை, ஒரு கீறல் இல்லாமல், அழகாகச் சரிந்து நின்றது.

"உங்க ஹீட்டருக்கு மூக்கு எங்க, அத்தே?"

ரினெட் அந்தப் பனியைப் பார்த்தாள். விறகு அடுப்புக்கு மூச்சு, கூரைக்கு மேலே. அந்த வீட்டில் அவள் போர்த்திய காலமெல்லாம் சுவரோரம் விலக்கி விட வேண்டியது ஒன்றுமே இருந்ததில்லை. நவம்பரில் ஞாபகமாக வழி விட்ட இடத்தைப் புயல் மூடியது, புயல் மூடியதன் மேல் அவளே பூசி மெழுகிவிட்டாள்.

"அது அந்தக் குழாய் வழியாத்தான் காத்து இழுக்குது, அது வழியாத்தான் புகையை விடுது" என்றான் ரேனல், மண்வெட்டியை எடுத்துக்கொண்டே. "உள்ள காத்து வரலைன்னதும் அதுவே அணைஞ்சுக்கும். அப்படித்தான் செஞ்சு வச்சிருக்காங்க. அணையாம எரிஞ்சிருந்தா அந்தப் புகை வீட்டுக்குள்ள வந்திருக்கும். வாசனைகூடத் தெரியாது. நீங்க ரெண்டு பேரும் தூங்கினபடியே…" பாதியில் நிறுத்திவிட்டுத் தோண்டத் தொடங்கினான். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, "ஒரு வீட்டை இவ்வளவு அழகா யாரும் கழுத்தை நெரிச்சதில்ல, அத்தே" என்றான்.

ரினெட் கையால் பனியை வாரினாள். விடியற்காலை முதல் அவள் ஹீட்டரைத் திட்டிக்கொண்டிருந்தாள், ஆண்டவரிடம் அதை எரிய வையும் எரிய வையும் என்று மன்றாடிக்கொண்டிருந்தாள். அவர் ஏன் எரிய வைக்கவில்லை என்பது அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. முழங்கால் பனியில் புதைய, அவசரமாக வாரினாள்.

அந்த நேரத்தில்தான் மோனிக்கின் கார் முற்றத்தில் நுழைந்தது. வெளியே இருந்த இருவரும் பின்பக்கம் இருந்ததால் கார் வந்தது அவர்களுக்குத் தெரியவில்லை. உள்ளே இருந்த க்ளோவிஸுக்குத் தெரிந்தது. கட்டிலிலிருந்து கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில்தான் சுவரில் தெர்மாமீட்டர். அதை ஆணியிலிருந்து எடுத்து, கம்பளிக்குள் விட்டு, வெந்நீர்ப் பாட்டில் மேல் அழுத்தி வைத்துக்கொண்டார். மோனிக் வாசலில் பூட்ஸைத் தட்டும் சத்தம் கேட்டதும் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

ரினெட் பின்கதவு வழியாக உள்ளே ஓடி வந்தபோது மோனிக் கோட்டைக் கழற்றாமல் தெர்மாமீட்டர் முன்னால் நின்றிருந்தாள். அந்தக் குளிரில் அவள் கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

"தொண்ணூத்தி நாலு" என்றாள் மோனிக். "ரினெட்ம்மா, என்ன இது, உங்க வீட்டுக்கு மட்டும் ஜூலை வந்துடுச்சா?"

ரினெட்டுக்கு ஒன்றும் விளங்கவில்லை. புருஷனைப் பார்த்தாள். அவர் கண்ணை இன்னும் இறுக்கி மூடினார். மீசை நுனி மட்டும் ஆடியது.

அந்த நேரம் ஏதாவது ஒன்றைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். தெர்மாமீட்டர் கெட்டுப்போச்சு, இப்பத்தான் கதவைத் திறந்து வைத்தோம் என்று எதையாவது. மோனிக் நல்லவள், பாதி நம்பியிருப்பாள். ரினெட்டின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"அது அவர் பண்ணின வேலை" என்றாள். "நான் கடைசியா பாக்கறப்போ அம்பத்தேழு. விடியறதுக்கு முன்னாடியே ஹீட்டர் நின்னுபோச்சு. நான்தான் நிறுத்தினேன். நேத்து வீட்டுக்குப் போர்த்துறேன்னு குழாயையும் சேர்த்துப் பனியால மூடிட்டேன்."

"ஐயோ, கிழவி!" என்று க்ளோவிஸ் கண்ணைத் திறந்தார். "நான் உனக்காகப் பொய் சொல்றேன், நீ எனக்கு எதிரா உண்மையைச் சொல்றே."

மோனிக் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, க்ளோவிஸின் விரலில் கருவியை மாட்டினாள். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டாள், முதுகில் கேட்டாள், மறுபடி நெஞ்சில் கேட்டாள். ரினெட் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையில் பனி உருகிச் சொட்டியது. சுவருக்கு வெளியே மண்வெட்டிச் சத்தம் நின்றது. ரேனல் உள்ளே வந்து பொத்தானை அழுத்தினான். நெருப்புப் பற்றியது, நீலமாக நின்றது. ரேனல் விரலை எடுத்தான். அது நீலமாகவே நின்றது.

"நெஞ்சு போன வாரம் மாதிரிதான் இருக்கு" என்றாள் மோனிக். "கை கால் சூடா இருக்கு. நல்லாத்தான் சுத்தி வச்சிருக்கீங்க."

"ரொட்டி மாதிரி சுத்திட்டா" என்றார் க்ளோவிஸ்.

"நீங்க பேசாதீங்க. தெர்மாமீட்டரை ஏமாத்தினவரு." மோனிக் ரினெட்டின் பக்கம் திரும்பினாள். "அக்டோபர்ல நான் இதை மாட்டினப்போ என்ன சொன்னேன்?"

"அறுபத்தஞ்சு."

"அது இப்போ என்ன சொல்லுது?"

தெர்மாமீட்டர் தொண்ணூற்று நாலிலிருந்து கீழே இறங்கி, உண்மைக்கு வந்து, ஐம்பத்தெட்டில் நின்றிருந்தது. ரினெட் அதைப் படித்துச் சொன்னாள்.

"அது அறுபத்தஞ்சு வர்ற வரைக்கும் நான் இங்க உக்காந்திருக்கேன்" என்றாள் மோனிக். "வந்துட்டா இந்த வாரம் அவர் இங்கயே இருக்கட்டும். அடுத்த வியாழன் மறுபடி பாப்போம். அதுக்கு மேல நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்."

உட்கார்ந்தாள். கோட்டோடே இரண்டு ப்லோய் சாப்பிட்டாள். ரேனல் ஒன்று சாப்பிட்டுவிட்டு, குழாயைச் சுற்றி ஒரு ஆள் அகலத்துக்கு எப்போதும் பனி இருக்கக் கூடாது, கிளையும் கூடாது, பலகையும் கூடாது என்று ரினெட்டை மூன்று தடவை திருப்பிச் சொல்ல வைத்துவிட்டுப் போனான். ஆபீஸில் தன்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றும் கேட்டான். அவன் கையாலேயே போனைப் போட வைத்து ரினெட் அப்போதே சொன்னாள். மோனிக் காருக்குப் போய் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியை எடுத்து வந்து கட்டிலுக்கு மேலே மாட்டினாள். கெட்ட காற்று வந்தால் அது கத்தும் என்றாள். தெர்மாமீட்டர் முள் மெல்ல ஏறியது. அறுபத்தைந்தைத் தொட்டதும் அவள் எழுந்து கையுறை மாட்டினாள். வாசலில் நின்று, "உண்மையைச் சொன்னீங்க, அதனாலதான் விட்டுட்டுப் போறேன்" என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். "அவர் பொய்யை நீங்களும் சொல்லியிருந்தா இப்பவே கூட்டிட்டுப் போயிருப்பேன்."

ஆற்றுப் பக்கத்துப் போர்வையை ரினெட் அன்றே பிரித்துவிட்டாள். அதனால் அந்தப் பக்கம் தரை சில்லிட்டது. பன்றி கொஞ்சம் கூடுதலாகத்தான் தின்னப் போகிறது, மார்ச் வரை வருமோ வராதோ. அதை ஆண்டவரிடம் விட்டாள். சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில் மறுபடி பொடிப்பனி விழ ஆரம்பித்தது. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். செபமாலை சொல்கிற நேரம், ஒரு சுற்றுக்குப் பத்து அருள் நிறைந்த மரியே. வழக்கமாக ஒவ்வொன்றிலும் அவள் முதல் பாதி சொல்வாள், க்ளோவிஸ் கட்டிலிலிருந்து மறு பாதி சொல்வார். அன்று ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவர் தாமாகவே தொடங்கினார், வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கி. வெளியே அவள் பெருக்கிக்கொண்டே மறு பாதியைச் சொன்னாள். குழாயிலிருந்து வந்த வெந்நீராவி அவள் முகத்தில் பட்டு உறைந்தது.

"பத்து ஆயிடுச்சு, நிறுத்து" என்று அவர் கண்ணாடியைத் தட்டினார்.

"ஒம்போதுதான் ஆச்சு. நீ இழுத்து இழுத்துச் சொல்றே, ஒண்ணு ரெண்டா தெரியுது."

"பத்து."

"ஒம்போது. சொல்லு, கிழவா."

அவர் முணுமுணுத்துவிட்டு இன்னொன்று தொடங்கினார்.